தை முகூர்த்தத்துக்கு மூன்று மாதம்: எதை எப்போது முடித்துவிட வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது: தங்கைக்குத் தை மூன்றாம் வாரத்தில் மதுரையில் கல்யாணம். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை 9 முதல் 10.30க்குள் முகூர்த்தம். மண்டபம், சமையல், ஃபோட்டோ மூன்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களே ஆவதால், பொறுப்பு முழுவதும் பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மேல். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. “தீபாவளி முடிந்துவிட்டது, இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆனால் வாராவாரம் லிஸ்ட் நீள்கிறதே தவிர எதுவும் முடிவதில்லை. எப்படி நேரத்துக்கு முடிப்பது?”

தம்பி, முதலில் நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். காலண்டரில் மூன்று மாதம் தெரிகிறது. காரியம் செய்ய உங்களுக்குக் கிடைப்பது கார்த்திகை மட்டும்தான். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். பட்டு எடுப்பது, தாலிக்குப் பொன் உருக்குவது, பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைப்பது போன்றவற்றை நம் பக்கத்தில் பல குடும்பங்களில் மார்கழியில் செய்ய மாட்டார்கள். ஜனவரி 14 அல்லது 15 அன்று தை பிறக்கும். அதிலிருந்து நான்கைந்து நாள் மதுரையில் வேறு வேலை ஓடாது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. அச்சகம் திறந்திருக்காது, தையல்காரர் ஊருக்குப் போயிருப்பார், சமையல் ஆட்கள் ஃபோனை எடுக்க மாட்டார்கள். எல்லோரும் திரும்பி வந்து கடை திறக்கும்போது, தை முகூர்த்தம் வைத்திருக்கும் அத்தனை குடும்பமும் அவர்கள் வாசலில் நிற்கும்.

வீட்டில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் இருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு, மகரஜோதி பார்த்துத் திரும்புகிற மாமாவை நம்பி மார்கழிக் கடைசியில் எந்த வேலையையும் வைக்காதீர்கள். அவர் மனசு நிறைய ஆசை இருக்கும், ஆனால் ஆள் பம்பையில் இருப்பார்.

அதனால்தான் “இரண்டு மாதத்துக்கு முன் இது, ஒரு மாதத்துக்கு முன் அது” என்று பொதுவாக எழுதி வைத்திருக்கும் லிஸ்ட் எதுவும் தைக் கல்யாணத்துக்குப் பொருந்துவதில்லை. வைகாசிக் கல்யாணமாக இருந்தால் அது சரி. உங்களுக்கு அந்த “ஒரு மாதத்துக்கு முன்” என்பது மார்கழியில் விழுகிறது. கடைக்குப் போய் வாங்குவது, அளவு கொடுப்பது, அச்சடிப்பது எல்லாவற்றையும் கார்த்திகைக்குள் அடக்குங்கள். பேசுவது, எழுதுவது, எண்ணுவது, ஆவணம் சேர்ப்பது எல்லாம் மார்கழிக்கு. தையில் பூ, இலை, காய்கறி போல முன்கூட்டி வாங்க முடியாதவை மட்டும் மிச்சமிருக்க வேண்டும்.

இனி, லிஸ்ட் ஏன் நீள்கிறது என்பதற்கு வருகிறேன். மதுரைப் பக்கம் கல்யாண வேலைகளை எடுத்து நடத்திக் கொடுக்கிற ஆள் நான். பொதுவாக நான் பார்ப்பது இதுதான்: வேலை தேங்குவதில்லை, முடிவுதான் தேங்குகிறது. மேடை அலங்காரத்துக்கு ஒரு படத்தைப் பார்த்து எல்லோரும் சரி என்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சித்தி இன்னொரு படத்தை அனுப்புவார். அதோடு முதல் முடிவு கலையும். அலங்காரக்காரர் புது விலை சொல்வார், அதைப் பேச ஒரு வாரம் போகும். இப்படி ஐந்து விஷயம் திறந்தே கிடந்தால் உங்கள் லிஸ்ட் எப்படிக் குறையும்?

ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். ஃபோனில் எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் அம்மாவும் தங்கையும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு விஷயத்துக்கும் நேரே நான்கு எழுதுங்கள்: கடைசி வார்த்தை யாருடையது, எந்தத் தேதிக்குள் முடிவாக வேண்டும், பேசிய தொகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு. இதில் முதலாவதுதான் முக்கியம். புடவை, பிளவுஸ், மேக்கப், மேடை நிறம் இவற்றில் கடைசி வார்த்தை தங்கையுடையது. சாப்பாட்டு மெனு அம்மாவுடையது. சடங்கும் முறையும் வீட்டில் மூத்தவர் ஒருவருடையது, அத்தையோ பெரியம்மாவோ. பணமும் எண்ணிக்கையும் உங்களுடையது. யோசனை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு மாற்ற நினைக்கிறவர் அந்த ஒருவரிடம்தான் போய்ப் பேச வேண்டும். இதைக் குடும்பத்தில் எல்லோரும் இருக்கும்போது ஒருமுறை சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மெனுவில் தன் பேச்சுதான் முடிவு என்று தெரிந்த அம்மா, பிளவுஸ் டிசைனில் தலையிடுவது தானாகவே குறையும்.

சம்பந்தி வீட்டோடு பேசுவதையும் இப்படி ஒழுங்கு செய்ய வேண்டும். இப்போது அம்மா அவர்கள் அம்மாவிடம் ஒன்று பேசுவார், நீங்கள் மாப்பிள்ளையின் அண்ணனிடம் ஒன்று பேசுவீர்கள், தங்கையும் மாப்பிள்ளையும் தங்களுக்குள் ஒன்று முடிவு செய்வார்கள். மூன்றும் ஒத்துப்போகாது. அங்கே ஒருவர், இங்கே நீங்கள். வாரத்தில் ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்தில் பேசுங்கள். பேசி முடித்ததும் “இன்று பேசியது” என்று வாட்ஸ்அப்பில் நான்கு வரி போட்டுவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்புக் கார் யார் ஏற்பாடு, வரவேற்பு மேளமும் லைட் மியூசிக்கும் யார் செலவு, தாம்பூலப் பை யார் பொறுப்பு, அவர்களுக்கு எத்தனை அறை, எந்த நேரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள். கல்யாணத்தில் மனக்கசப்பு வருகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான். எழுத்தில் இருந்தால் அன்றைக்கு யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கார்த்திகைக்குள் முடிய வேண்டியவற்றில் முதலில் முகூர்த்தப் பட்டு. காஞ்சிபுரமோ மதுரையோ, எங்கே எடுத்தாலும் இந்த மாதம் முதல் பாதிக்குள் எடுத்துவிடுங்கள். அவசரம் புடவைக்காக அல்ல, பிளவுஸுக்காக. ஆரி வேலைப்பாடு கைவேலை. பிரேமில் துணியைக் கட்டி, ஊசியால் ஒவ்வொரு மணியாகக் கோத்து எடுக்க வேண்டும். நன்றாகச் செய்கிறவர்களுக்குத் தீபாவளி வேலை முடிந்ததும் தை முகூர்த்த ஆர்டர் குவிந்துவிடும். புடவை கைக்கு வந்தால்தான் பிளவுஸ் துணியைக் கொடுக்க முடியும். முகூர்த்தம், வரவேற்பு, நலங்கு, மறுவீடு என்று நான்கு பிளவுஸாவது சேரும். தை பிறப்பதற்குள் எல்லாம் தைத்து வந்து, தங்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் பெண்கள் இளைப்பதும் உண்டு, பூசுவதும் உண்டு. அதனால் பக்கத் தையலில் துணி விடச் சொல்லுங்கள். குஞ்சலம் முடிவது, ஃபால்ஸ் தைப்பது இவற்றுக்கும் புடவை நாலைந்து நாள் வெளியே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது நகை. விலை இறங்கும் என்று காத்திருக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கும். இறங்கலாம், ஏறலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கல்யாணத் தேதி அசையாது. வாங்க வேண்டியதை இரண்டு தவணையாகப் பிரித்து, தாலிக்கும் கட்டாய நகைகளுக்கும் உரிய தங்கத்தை முதலில் வாங்கிவிடுங்கள். ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்து எண் கொண்ட அடையாளக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்தக் குறியைப் போட்டால் நகையின் விவரம் வரும். செய்கூலி, சேதாரம் இரண்டையும் பில்லில் தனித்தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கடைக்கு ஒரே நாளிலோ, நாளைப் பிரித்தாலும் ஒரே கொள்முதலுக்கோ ஒரே நிகழ்ச்சிக்கோ சேர்த்து 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ரொக்கத்தைப் பெற்றுக்கொள்கிறவருக்கு வருமான வரிச் சட்டப்படி அபராதம் உண்டு, அதனால் நல்ல கடையில் வாங்கவும் மாட்டார்கள். மண்டபம், சமையல் பாக்கிக்கும் இதே விதிதான். கடைசி நாளில் பையில் ரொக்கத்தை வைத்துக்கொண்டு அலைவதைவிட, பெரிய தொகைகளை வங்கி வழியாக அனுப்புவது உங்களுக்கே நிம்மதி.

தாலி உங்கள் குலவழக்கப்படி ஆசாரியிடம் செய்வதாக இருந்தால், பொன் உருக்க நாள் பார்ப்பது கார்த்திகைக்குள் இருக்கட்டும். தாலி மாதிரியை இரண்டு வீட்டாரும் பார்த்துச் சரி சொன்ன பிறகு ஆசாரியிடம் கொடுங்கள். ஒவ்வொரு சமூகத்திலும், சில இடங்களில் ஒவ்வொரு ஊரிலும்கூட, தாலியின் உருவம் மாறும். மாப்பிள்ளை வீட்டு வழக்கத்தில் தாலி செய்வதா, பெண் வீட்டு வழக்கத்திலா என்ற பேச்சைச் சம்பந்திகள் இப்போதே முடித்துவிட வேண்டும்.

பத்திரிகை. எழுத்தைச் சரி பார்ப்பதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஒருவர் பெயர்களை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் நாள், கிழமை, நேரம் மட்டும் பார்ப்பார். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்தால் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் கிழமையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா, இன்ஷியல் சரியா, தாய்மாமன் பெயர்கள் வயது வரிசையில் இருக்கின்றனவா, காலமானவர்கள் பெயர் உரிய மரியாதையோடு வந்திருக்கிறதா. ஆங்கிலப் பகுதியில் மணமக்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடே இருக்க வேண்டும். இது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு மூத்த பெண்மணியிடம் ப்ரூஃபைக் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். விட்டுப்போன சொந்தத்தின் பெயர் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

மார்கழிக்கு முன் பத்திரிகை கையில் வந்து, குலதெய்வம் கோயிலில் வைத்துவிட்டால் பாதி பாரம் குறைந்தது. அழைப்பு வைப்பதை மார்கழியில் செய்யலாமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. பெரியவர்களிடம் கேட்டு இன்றே முடிவு செய்யுங்கள். செய்யக் கூடாது என்றால் மதுரை, மேலூர், உசிலம்பட்டி, சென்னை என்று ஊர்வாரியாகப் பிரித்து, கார்த்திகைக் கடைசி இரண்டு வாரத்தில் மூன்று ஜோடியாகப் போய் முடிக்க வேண்டும். அப்பாவை எல்லா வீட்டுக்கும் அலைய வைக்காதீர்கள். அவர் நேரில் போனால்தான் மரியாதை என்கிற வீடுகள் பத்துப் பதினைந்துதான் இருக்கும். அவற்றைத் தனியாக எழுதி, நாளுக்கு இரண்டு வீடு என்று வையுங்கள்.

வெளியூர்ச் சொந்தங்களுக்கு அச்சுப் பத்திரிகைக்குக் காத்திருக்காமல் தேதியை இப்போதே சொல்லிவிடுங்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. உங்கள் தேதிக்கு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் வாரத்திலோ திறக்கும். பாண்டியனிலும் வைகையிலும் இடம் சீக்கிரம் போய்விடும். திரும்பும் டிக்கெட்டையும் அன்றே போடச் சொல்லுங்கள். இன்னொன்று, தைப்பூசம் எந்தத் தேதி என்று பாருங்கள். அதை ஒட்டி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சி அம்மன் கோயில் தெப்பத் திருவிழா நடக்கும். மண்டபம் அந்தப் பக்கம் இருந்து, தேதியும் நெருங்கியிருந்தால், போக்குவரத்து மாற்றத்தை நினைத்து வண்டிகளைத் திட்டமிட வேண்டும். பழனிப் பாதயாத்திரை நடக்கிற சாலை வழியாக வருகிறவர்களுக்கும் முன்பே சொல்லிவைக்கலாம்.

இப்போது எண்ணிக்கை. கல்யாணத்தில் எல்லாச் செலவும் இதில்தான் தொங்குகிறது. சமையல், இலை, தாம்பூலப் பை, அறை, வண்டி, நாற்காலி, தண்ணீர் எதுவானாலும் கேட்கப்படும் முதல் கேள்வி “எத்தனை பேர்?” என்பதுதான். நம் ஊரில் யாரும் வருகிறேன், வரவில்லை என்று பதில் எழுதுவதில்லை. எல்லோரும் “கட்டாயம் வந்துடுவோம்” என்பார்கள். அதனால் 600 பத்திரிகை அடித்தோம், வீட்டுக்கு மூன்று பேர், 1,800 பேர் என்று சிலர் பெருக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய்ச் சமையல்காரர் சொல்கிற எண்ணையே ஒப்புக்கொள்கிறார்கள்.

பத்திரிகை கொடுக்கிற லிஸ்ட்டிலேயே ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இரண்டு எண் எழுதுங்கள்: மாலை வரவேற்புக்கு எத்தனை பேர், காலை முகூர்த்தத்துக்கு எத்தனை பேர். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே எழுத வேண்டும், அப்போதுதான் அவர்கள் பேசிய விதம் நினைவில் இருக்கும். பங்காளிகள், தாய்மாமன் வீடு, சம்பந்தம் செய்த குடும்பங்கள் எல்லாம் குடும்பத்தோடு இரண்டு வேளைக்கும் வருவார்கள். அலுவலக நண்பர்கள் மாலை மட்டும், பெரும்பாலும் தனியாகவோ ஜோடியாகவோ. தெருக்காரர்கள் மாலை. கிராமத்துச் சொந்தம் காலையில், வேன் வைத்து. அப்பாவின் பழைய மொய்க் கணக்கு நோட்டை எடுங்கள். நீங்கள் செய்த மொய் எந்தெந்த வீட்டுக்குப் போயிருக்கிறதோ, அந்த வீடுகள் பெரும்பாலும் வரும். வருகிறவர்களை மொய் நோட்டு சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. கல்யாண நாள் வேலை நாளா, ஞாயிறா என்பதும் முக்கியம். வேலை நாள் காலை முகூர்த்தத்தில் நகரத்து ஆட்கள் குறைந்து, அந்தக் கூட்டம் முதல் நாள் மாலைக்கு மாறும்.

இப்படிக் கூட்டி வந்த எண்ணை மாப்பிள்ளை வீட்டு எண்ணோடு சேர்த்து, சமையல்காரரிடம் குறைந்தபட்ச எண் ஒன்றைச் சொல்லுங்கள். அதற்கு மேல் வந்தால் இலைக்கு என்ன விலை, எத்தனை இலை வரை அவரால் சமாளிக்க முடியும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இலைக் கணக்கில் காண்ட்ராக்ட் என்றால், பந்திக்குப் பந்தி இலையை எண்ண நம் பக்கத்தில் ஒருவர், அவர் பக்கத்தில் ஒருவர். பந்தி முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் மத்தியானம் களைப்போடு உட்கார்ந்து, “எத்தனை இலை விழுந்தது” என்று நினைவிலிருந்து பேசினால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

எண்ணிக்கையைப் பந்தியோடு சேர்த்தும் பார்க்க வேண்டும். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. உங்கள் மண்டபச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் 150 பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். இரவு டிபன் பந்தி, இலை எடுத்துத் துடைத்து அடுத்தவர் உட்காருவதையும் சேர்த்து அரை மணி நேரம். 800 பேர் என்றால் ஆறு பந்தி, மூன்று மணி நேரம். வரவேற்பு 7 மணிக்குத் தொடங்கி, சாப்பாட்டை 8 மணிக்கு ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழ 11 ஆகும். வெளியூர் போகிறவர்கள் சாப்பிடாமலே கிளம்பிவிடுவார்கள். 6.45க்கே முதல் பந்தியைத் தொடங்கச் சொல்லுங்கள், முதல் பந்தியில் உட்கார வைக்க நாலு இளைஞர்களை நிறுத்துங்கள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பந்திக்கு 40 நிமிடம். 600 பேர் என்றால் நான்கு பந்தி, ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். தாலி ஏறியதும் 10.45க்கு முதல் பந்தி உட்கார்ந்தால் 1.30க்கு முடிந்துவிடும். பெரும்பாலான மண்டபங்கள் மாலை 3 மணிக்குச் சாவி கேட்கும் என்பதால் இந்த ஒன்றரை மணி நேரம் மூட்டை கட்டத் தேவை. மாலை இசைக்கும் ஒரு எல்லை உண்டு. இரவு 10 மணிக்கு மேல் மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். இசைக் குழுவோடு பேசும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

மண்டபத்துக்கு வாடகை தவிர என்னென்ன வரும் என்பதை மேனேஜரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வாங்குங்கள். கரண்ட் பெரும்பாலும் மீட்டர் பார்த்து யூனிட் கணக்கில். ஜெனரேட்டர் மணிக் கணக்கில். சுத்தம் செய்ய, குப்பைக்கு, சமையல் கேஸுக்கு, கூடுதல் தண்ணீர் லாரிக்கு என்று தனித்தனியாக விழும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மீட்டரை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டால் போதும்.

மார்கழியில் என்ன செய்யலாம்? நிறைய செய்யலாம். ஐயரிடம் பூஜைச் சாமான் லிஸ்ட் வாங்கி, எது அவர் கொண்டுவருவார், எது நாம் வாங்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃபோட்டோகிராபருக்குக் குடும்பப் படங்களின் பட்டியல் கொடுங்கள், மேடையில் யார் யாரைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்று. இரண்டு பக்கத்திலும் சொந்தம் தெரிந்த ஒருவர் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் தாத்தா இல்லாத ஆல்பம்தான் வரும். லாட்ஜ் அறை, வேன், பஸ் பேசி முடிப்பது, தாம்பூலப் பைக்கு ஆர்டர், பணக் கணக்கு எல்லாம் இந்த மாதத்துக்கு ஏற்றவை. தங்கையை ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்புவதையும் இதில் சேர்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லுங்கள். கல்யாண நாள் மாதவிடாயோடு மோதும் என்றால், மாத்திரை வேண்டுமா, அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு மாதத்துக்கு முன்பே கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் யாரோ சொன்ன மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிப் போடுவதை நான் மிகவும் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். அவளிடம் கேட்காமல் அதை முடிவு செய்யவும் கூடாது.

பூ விஷயம். தையில் மல்லிகை விலையைப் பார்த்து அதிர்ச்சியாகாதீர்கள். பனியில் மொட்டு விளைச்சல் குறையும், முகூர்த்தமும் பொங்கலும் சேர்ந்து கேட்பு கூடும். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கிலோ ஆயிரங்களில் போகிற நாட்கள் உண்டு. மணமாலைக்கும் தலைப்பூவுக்கும் மல்லிகையை வைத்துக்கொண்டு, மேடை அலங்காரத்தில் சம்பங்கி, ரோஜா, செவ்வந்தி என்று போனால் செலவு கட்டுக்குள் நிற்கும். பூக்காரரிடம் மார்கழியிலேயே மாலைக்கு இவ்வளவு என்று மொத்த விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து எழுதி வாங்குங்கள். “அன்றைய விலை” என்று விட்டால் அன்றைக்கு உங்களால் பேரம் பேச முடியாது.

பொங்கல் முடிந்த பிறகு புதிதாக எதையும் முடிவு செய்யாதீர்கள். இதில் கண்டிப்பாக இருங்கள். அந்தச் சமயத்தில் வருகிற நல்ல யோசனையும் உங்களுக்குப் பாரம்தான். அந்த இரண்டு மூன்று வாரம் எடுத்து வைப்பதற்கும் உறுதி செய்வதற்கும் மட்டும். பந்தக்கால், நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு என்று சடங்குக்கு ஒரு பையாகப் பிரித்து, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் லிஸ்ட் ஒன்று. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பு சமையல், மேளம், ஐயர், அலங்காரம், மேக்கப், ஃபோட்டோ, வண்டி எல்லோருக்கும் நீங்களே ஃபோன் செய்து, எந்த நேரத்துக்கு எந்த வாசலுக்கு வர வேண்டும், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த “யாரை” என்பதில் உங்கள் பெயர் வரவே கூடாது.

இதை அழுத்திச் சொல்கிறேன். தாலியும் நகையும் ஒரு பெரியம்மா கையில், அவர் மணமகள் அறையை விட்டு நகர மாட்டார். பந்திக்கு இரண்டு பேர். மொய் எழுத இரண்டு பேர், கணக்கில் சுத்தமானவர்கள். வண்டிக்கும் அறைக்கும் ஒரு மச்சான். பாக்கிப் பணம் கொடுக்க ஒருவர். ஒவ்வொருவர் தொகையும் பெயர் எழுதிய கவரில் அவரிடம் இருக்க வேண்டும். நீங்கள் பெண்ணின் அண்ணன். உங்கள் முறைப்படி ஹோமத்தில் பொரியிடுவது இருந்தால், அவள் கையில் பொரி இட வேண்டியவர் நீங்கள்தான். அந்த நேரத்தில் ஜெனரேட்டர் டீசலுக்காக யாரும் உங்களைத் தேடக் கூடாது.

அப்பாவுக்கும் ஏற்பாடு வேண்டும். கன்னிகாதானத்துக்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று ஐயரிடம் கேளுங்கள். தரையில் சம்மணமிட முடியாது என்றால் தாழ்வான ஸ்டூல் போடலாம், எந்த ஐயரும் மறுக்க மாட்டார். வரவேற்பு மேடையில் மூன்று மணி நேரம் நிற்க விடாதீர்கள். ஒரு நாற்காலி, மாத்திரைகளோடு பக்கத்தில் ஒருவர், நேரத்துக்குச் சாப்பாடு. ஹோமப் புகை பற்றி அவருடைய மருத்துவரிடம் இப்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பதிவு. மாப்பிள்ளை சிங்கப்பூர் திரும்ப வேண்டியவர் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 படி, கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் இன்னும் 60 நாள், கூடுதல் கட்டணத்தோடு. உங்களுக்கு 90 நாள் கணக்கு உதவாது, அவர் லீவு எத்தனை நாள் என்பதுதான் கணக்கு. மணமக்கள், சாட்சிகள் எல்லோரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். அழைப்பிதழ், இருவரின் வயது, முகவரிச் சான்றுகள், ஃபோட்டோ, சாட்சிகளின் அடையாள அட்டை இவற்றை மார்கழியிலேயே ஒரு ஃபைலில் போட்டு, அலுவலகத்துக்கு ஒருமுறை போய்க் காட்டி, என்ன குறைகிறது என்று கேட்டுவிடுங்கள். பத்திரிகையில் பாஸ்போர்ட் எழுத்துகளே வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். பெயரில் ஓர் எழுத்து மாறினால் சான்றிதழிலும் மாறிவிடக்கூடும், பிறகு விசாவுக்கு அலைய வேண்டும். சான்றிதழுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று தருவது) தேவையா என்று மாப்பிள்ளையைத் தன் அலுவலகத்தில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். மறுவீடு, விருந்து எல்லாவற்றுக்கும் முன்பாக, கல்யாணத்துக்கு அடுத்து வரும் வேலை நாளையே பதிவுக்கு ஒதுக்கி, சாட்சிகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அவர்களுக்கும் அன்றைக்கு லீவு போட வேண்டியிருக்கும்.